காட்டுச் செடிகளைப் படிக்க எந்த வழி? திருகோணமலைக்காரருக்கு ஓர் ஒப்பீடு

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் நிலாவெளி வீதியின் இரு பக்கமும் பச்சை பிடித்துவிடும். வெயில் காலத்தில் வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பூண்டுகள் நிற்கும். "இதெல்லாம் என்ன செடி என்று அறிய எந்த ஆப் நல்லது?" என்று கேட்பவர்களும் இந்த நாட்களில்தான் கூடுகிறார்கள். ஆப் என்பது நான்கு வழிகளில் ஒன்று. செடி தெரிந்த வைத்தியர் பின்னால் நடப்பது இரண்டாவது. தாவரவியல் நூலை வைத்துப் படிப்பது மூன்றாவது. செடியைப் பறித்துக் கடதாசிக்குள் அழுத்தி, தொகுப்பாகச் சேர்ப்பது நான்காவது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வழிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் நான்காவதையே எடுப்பேன். அதுவும் செடியின் பெயரைத் தேடாமல், முதலில் அதன் குடும்பத்தை, அதாவது ஒரே மாதிரி அடையாளங்கள் கொண்ட உறவுச் செடிகளின் கூட்டத்தை, கண்டுபிடிக்கும் விதத்தில். மற்ற மூன்றும் வீண் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

கைத்தொலைபேசி

பேச்சில் அடிபடுபவை மூன்று: கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட். லென்ஸ் செடிக்கென்று செய்யப்பட்டதல்ல. உங்கள் படத்தைப் போன்ற படங்கள் இணையத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடித் தருகிறது. பல நேரம் பூச்செடி விற்கும் கடையில் கொண்டுபோய் நிறுத்தும். பிளான்ட்நெட் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. படத்தில் இருப்பது இலையா, பூவா, காயா, பட்டையா என்று அது பிரித்துப் பார்ப்பதே ஒரு நல்ல பாடம். ஐநேச்சுரலிஸ்ட்டில் கணினி ஒரு யோசனை சொல்லும், அப்புறம் மனிதர்கள் வந்து சரி, பிழை சொல்வார்கள். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரில் நின்றால் அந்தப் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும். மூன்றில் ஒன்றை எடு என்றால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இங்கே யாரோ ஒருவர் உங்களோடு வாதாடுவார். சிக்னல் கிடைக்காத இடங்களுக்கு, அதே குழுவினரின் சீக் என்னும் ஆப் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. ஆப் மிகச் சரியாகச் சொல்பவை பெரும்பாலும் நம் ஊர்ச் செடிகள் அல்ல. மூக்குத்திப்பூ, நாயுண்ணி, பார்த்தீனியம், நாகதாளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. உலகம் முழுக்கப் பரவி, உலகம் முழுக்கப் படம் எடுக்கப்பட்டவை. நாயுண்ணி 1826இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக இலங்கைக்குள் வந்த அலங்காரச் செடி. இன்று அது இல்லாத பற்றை ஏது? இவற்றை ஆப் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். வீரை, காயா, காரை என்று நம் வறண்ட காட்டில் வளர்பவற்றின் இலையை மட்டும் காட்டுங்கள், தடுமாறும். இவற்றுக்குப் படங்கள் குறைவு, அதுவும் பூவும் காயும் இல்லாத படமென்றால் கேட்கவே வேண்டாம். தெருவோரத்தில் இது தரும் பெயர்களை நம்பிப் பழகியவர் காட்டுக்குள்ளும் அதே நம்பிக்கையோடு போவது இதில் பெரிய ஆபத்து. திரையில் இரண்டு பெயருமே ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடுதான் வரும்.

ஆப்பை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு செடிக்கு ஒரு படம் போதாது. இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டில் இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா மாறிமாறி நிற்கின்றனவா என்று தெரியும்படி ஒன்று, பூவைப் பக்கவாட்டில் ஒன்று, காய் இருந்தால் அது, மரமென்றால் பட்டை. இத்தனையும் எடுக்கப் பழகியவர் செடியைப் பாதி படித்தவர் ஆகிவிடுவார்.

வைத்தியரும் கீரைக்காரியும்

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். அதைவிட, மூதூர், சம்பூர், தம்பலகாமம், குச்சவெளிப் பக்கம் பரம்பரையாக வைத்தியம் பார்க்கும் ஐயாமாரைத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். இலைக்கஞ்சிக்கு இலை பறித்து விற்கும் அம்மாமாரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். முடக்கொத்தான் எது என்று கேட்டால், கொடியைத் தூக்கிக் காட்டி, ஊதிய பை மாதிரி இருக்கும் காயை உடைத்து, கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவில் இருக்கும் அடையாளத்தையும் காட்டிவிட்டு, "இது இருந்தால் வேறொன்றும் பார்க்கத் தேவையில்லைப் பிள்ளை" என்று முடித்துவிடுவார்கள். எந்த நூலும் இவ்வளவு வேகமாகக் கற்பிக்காது.

இவர்களுடைய பலம் பூ இல்லாத காலத்தில்தான் தெரியும். மணம், கசப்பு, வேரின் நிறம், பட்டையை வெட்டினால் உள்ளே தெரியும் நிறம், எந்த மாதத்தில் எந்த மண்ணில் முளைக்கும் என்பது, இவையெல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றன. நாலு இலை விட்ட கன்றைப் பார்த்தே பெயர் சொல்வார்கள்.

குறை என்னவென்றால், பயன் இல்லாத செடிக்குப் பெயரும் இருக்காது. "அது சும்மா பூண்டு" என்று கடந்துவிடுவார்கள். புல்லும் கோரையும் அவர்களுக்கு மாட்டுத் தீனி, அவ்வளவுதான். இன்னொன்று, ஒரே பெயரை இரண்டு ஊர்களில் இரண்டு செடிகளுக்குச் சொல்வார்கள். ஆகவே ஐயா சொன்ன பெயரை எழுதும்போது எந்த ஊரில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பின்னால் தேவைப்படும்.

நூல்

இலங்கைத் தாவரங்களுக்கு அடிப்படை நூல் ஹென்றி டிரைமன் எழுதியது, ஐந்து பகுதிகள், 1893 முதல் 1900 வரை வந்தது. இடையில் 1896இல் டிரைமன் இறந்துபோக, எஞ்சியதை ஜோசப் ஹூக்கர் முடித்தார். பேராதனையில் பணியாற்றியவர் ஆதலால் தமிழ்ப் பெயர்களையும் சிங்களப் பெயர்களையும் சேர்த்தே தந்திருக்கிறார். காப்புரிமைக் காலம் கடந்ததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதன் திருத்திய பதிப்பு 1980 முதல் பல தொகுதிகளாக வந்தது. அதை வாங்குவது தனி மனிதருக்குக் கட்டுப்படியாகாது, நூலகத்தில் பார்ப்பதுதான் வழி.

நமக்கு இன்னொரு வசதி உண்டு. இலங்கைக்கே உரிய செடிகள் பெரும்பாலும் தென்மேற்கு ஈரவலயத்தில்தான் குவிந்திருக்கின்றன. திருமலையின் வறண்ட காட்டில் இருப்பவற்றில் பெரும்பங்கு தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக் காடுகளிலும் இருப்பவை. அதனால் சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த நூல் (1915 முதல் 1936 வரை) கண்டிக்காரருக்கு உதவுவதைவிட நமக்கு அதிகம் உதவும்.

கஷ்டம் மொழியில் இருக்கிறது. இந்த நூல்கள் ஆங்கிலத்தில், அதுவும் தாவரவியலின் கலைச்சொற்களில் எழுதப்பட்டவை. படங்கள் மிகக் குறைவு. செடியை இனங்காண ஒவ்வொரு படியிலும் இரண்டு கூற்று தரும்: இலை எதிரெதிரா, மாறிமாறியா? சூலகம் (பூவில் காயாக வளரும் பகுதி) பூவிதழுக்கு மேலா, கீழா? ஒரு படியில் வழி தவறினால் எங்கேயோ போய் நிற்பீர்கள். பெயர்களும் மாறிவிட்டன. பாலை மரத்தை டிரைமன் மிமுசோப்ஸ் என்ற பேரினத்தில் (குடும்பத்துக்குள் வரும் நெருங்கிய உறவுக் கூட்டத்தில்) வைத்தார், இப்போது அது மணில்காரா ஹெக்சாண்ட்ரா. எருக்குக்குத் தனிக் குடும்பம் இருந்தது, இப்போது அது அலரியின் குடும்பத்துக்குள் போய்விட்டது. நொச்சியும் தேக்கும் துளசியின் குடும்பத்துக்கு வந்துவிட்டன. மரபணு ஆய்வு வந்த பிறகு நடந்த இடமாற்றங்கள் இவை. பழைய பெயரை லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் இணையப் பட்டியலில் போட்டால் இன்றைய பெயர் வந்துவிடும்.

படிப்பவர் பல்கலைக்கழக மாணவர் என்றால் நூலை விட்டு ஓட முடியாது. வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் செடி பார்ப்பவர் நூலில் தொடங்கினால் மூன்றாம் கிழமை கைவிட்டுவிடுவார். பிறகு வரட்டும்.

கடதாசி

பழைய வீரகேசரி போதும். பூவும் காயும் உள்ள ஒரு கிளையைத் தாளுக்குள் விரித்து வைத்து, ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியத் திருப்பி, மேலே பலகை போட்டுப் பாரம் ஏற்ற வேண்டும். முதல் சில நாட்களுக்குத் தினமும் தாளை மாற்ற வேண்டும். மாரி காலத்தில் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், இதில் சமரசமே கிடையாது. காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி ஒரு சீட்டு எழுதுங்கள்: திகதி, இடம், மண், செடியின் உயரம், பூவின் நிறம், மணம், ஒடித்தால் பால் வந்ததா. நிறமும் மணமும் பாலும் காய்ந்த செடியில் இருக்காது என்பதால்தான் அவற்றை அங்கேயே எழுத வேண்டும். பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரகத்திலும் இதே முறைதான். தாளும் பெட்டியும் தரமானவை, அவ்வளவே வித்தியாசம்.

இந்த வழி ஏன் எனக்குப் பிடிக்கிறது என்றால், கை செய்யும் வேலை கண்ணைப் பார்க்க வைக்கிறது. படம் எடுத்தவர் செடியைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தாளில் விரிப்பவர் இலை எப்படி ஒட்டியிருக்கிறது, காம்படியில் செதில் இருக்கிறதா, தண்டு உருண்டையா சதுரமா என்று பார்க்காமல் விரிக்கவே முடியாது.

எல்லா இடத்திலும் பறிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். புறாத்தீவு தேசிய பூங்கா, அங்கே ஒரு இலையும் பறிக்கக்கூடாது. ஒதுக்கப்பட்ட காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதி வேண்டும். சொந்த வளவு, வயல் வரம்பு, தெருவோரம், இவை போதும். ஒரே ஒரு செடிதான் நிற்கிறது என்றால் அதைப் படம் எடுத்துவிட்டு வாருங்கள்.

ஒரே மரத்தில் நான்கையும் வைத்துப் பார்த்தால்

வித்தியாசம் தெரிய ஓர் உதாரணம். தேத்தாவும் எட்டியும் நம் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும் மரங்கள். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்தால் கலங்கல் நீர் தெளியும். எட்டிக் கொட்டையில் ஸ்ட்ரிக்னைன், ஆளைக் கொல்லும் நஞ்சு. இரண்டும் ஒரே பேரினம். இரண்டுக்கும் இலைகள் எதிரெதிர், இரண்டிலும் இலையின் அடியிலிருந்தே சில நரம்புகள் பிரிந்து வளைந்து நுனியை நோக்கி ஓடும்.

காயில்லாத காலத்தில் இலையைப் படம் எடுத்தால், ஆப் பேரினத்தோடு நின்றாலே பெரிய காரியம். நூல் காயைக் கேட்கும்: எட்டியின் பழம் தோடம்பழம் போலப் பெரிதாகச் செம்மஞ்சளாகப் பழுக்கும், தேத்தாவின் பழம் சிறிது, பழுத்தால் கறுக்கும். காய் இல்லையென்றால் நூலும் உங்களைக் காத்திருக்கச் சொல்லும். வைத்தியர் பட்டையைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார், ஆனால் எப்படிச் சொன்னார் என்று கேட்டால் "பார்த்தால் தெரியும்தானே" என்பார். அழுத்தி வைத்த கிளை அன்றைக்கு எந்த விடையும் தராது. ஆனால் நரம்பு அமைப்பு உங்கள் கையில் பதிந்துவிடும். பழம் பழுக்கும் காலத்தில் அதே மரத்தடிக்குப் போய் இன்னொரு கிளை எடுத்துப் பக்கத்தில் வைப்பீர்கள். அன்றையிலிருந்து இரண்டும் குழம்பாது.

இதிலிருந்து வரும் கண்டிப்பான விதி ஒன்று. தின்பதற்கோ மருந்துக்கோ என்றால் ஆப் சொன்னதை ஒருபோதும் நம்பக்கூடாது. கார்த்திகைப்பூவின் கிழங்கை வற்றாளை என்று நினைத்துத் தின்று நஞ்சேறியவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அதில் இருப்பது கொல்ஷிசீன். இந்த விஷயத்தில் வைத்தியர் ஒருவர்தான் வழி, அதுவும் அவர் செடியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்பது கணக்கில் வராது.

குடும்பம் என்றால் எப்படி?

இலங்கையில் பூக்கும் தாவரங்கள் 3,000 இனங்களுக்கு மேல். பெயர் பெயராகப் படித்தால் ஆயுள் போதாது. குடும்பங்கள் அப்படியல்ல. திருமலையில் தெருவோரம் நடக்கும்போது கண்ணில் படுபவற்றில் பாதிக்கு மேல் ஏழெட்டுக் குடும்பங்களுக்குள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் மடிக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

உப்புவெளிக் கடற்கரையிலேயே தொடங்கலாம். அடம்பன் கொடி தெரியாத ஆள் இங்கே இல்லை, திரண்டால் மிடுக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதன் பூவைப் பாருங்கள்: இதழ்கள் ஒட்டி ஒரே குழலாக விரிந்த ஊதா நிறப் பூ. அப்படியே வீட்டுத் தோட்டத்து வற்றாளைப் பூவையும் குளத்துக் கங்குன் பூவையும் பாருங்கள், மூன்றும் அச்சு அசல். இப்போது ஒரு குடும்பம் கைக்கு வந்துவிட்டது. இனி வேலியில் படரும் தெரியாத கொடியில் இந்தப் பூ கண்டால், பெயர் தெரியாவிட்டாலும் எங்கே தேடுவது என்று தெரியும்.

பூவரசம்பூவைக் கிள்ளி நடுவில் பாருங்கள். மகரந்தக் காம்புகள் எல்லாம் ஒட்டி ஒரு தூணாக நிற்கும். துத்தியிலும் குறுந்தொட்டியிலும் செவ்வரத்தையிலும் அதே தூண்தான். இவற்றின் பட்டையை உரித்தால் நாராக வரும். தும்பையின் தண்டை விரலுக்குள் உருட்டினால் நாலு மூலை தட்டுப்படும், இலைகள் எதிரெதிர், கசக்கினால் பெரும்பாலும் மணம்; அது துளசியின் கூட்டம். வெட்சி, பாவட்டை, காரை மூன்றிலும் எதிரெதிர் இலைகளின் காம்புகளுக்கு இடையே தண்டில் சிறு செதில் ஒன்று இருக்கும், லென்ஸில் தெளிவாகத் தெரியும். பூவே இல்லாத காலத்திலும் இந்த ஒரு செதில் அந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான்.

அவரையின் குடும்பம் பெரியது, காய் நெற்றாக இருக்கும். பூவில் மட்டும் மூன்று விதம்: கொழுஞ்சி போல வண்ணத்துப்பூச்சி வடிவம், கொன்றை போல ஐந்து இதழ் விரிந்தது, வாகை போல மகரந்தக் காம்புகள் பஞ்சாக நிற்பது. கொழுஞ்சியில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிற்றிலையை நுனியில் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது. நரம்போடு ஓடி, அம்பு முனை போல வெட்டுப்படும். பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தால் வழி நெடுக இதையே செய்துகொண்டு வருவார்கள்.

ஒடித்தால் பால் வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனை. ஆனால் பால் பல குடும்பங்களில் உண்டு. எதிரெதிர் இலையும் பாலும், காய் வெடித்தால் பஞ்சோடு பறக்கும் விதையும் என்றால் எருக்கின் கூட்டம். மூன்று அறையாகப் பிரியும் காயும் பாலும் என்றால் பெரும்பாலும் ஆமணக்கின் உறவுக் கள்ளிகள். சதுரக்கள்ளியை நாகதாளியோடு சேர்த்துவிடாதீர்கள்: முதலாவதில் பால் உண்டு, இரண்டாவதில் இல்லை, இரண்டும் தூரத்து உறவு கூட இல்லை. புல்லா கோரையா என்ற சந்தேகத்துக்குத் தண்டை உருட்டுங்கள், மூன்று மூலை என்றால் பெரும்பாலும் கோரை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கண்டல் காடு இன்னும் சுலபம், ஏனென்றால் இனங்கள் குறைவு. ஊன்றுகோல் ஊன்றியது போல வேர் விட்டு நிற்பது கண்டல். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர் நிமிர்ந்து நிற்க, வெயிலில் இலைமேல் உப்புப் பூத்திருப்பது வெண்கண்டல். உதிர முன் இலை சிவந்து தெரிவது தில்லை; இதை மட்டும் ஒடிக்கக்கூடாது, பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பால் சோதனை பழகியவர்கள் முக்கியமாக இதை நினைவில் வைக்க வேண்டும்.

யாருக்கு எது?

வீட்டு வைத்தியத்துக்காகப் படிப்பவர் வைத்தியரிடம் போகட்டும். ஆப் வேண்டாம், கொப்பி ஒன்று போதும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அழுத்தி வைப்பதும் குடும்ப அடையாளமும்தான். ஃபோனைக் கொடுத்தால் செடியைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பார்கள். ஓய்வு நேரத்தில் நடப்பவருக்குக் குடும்பத்தை நீங்களே ஊகித்து எழுதிவிட்டு, அதன் பிறகு ஐநேச்சுரலிஸ்ட்டைத் திறப்பது நல்ல கூட்டு. ஊகமும் ஆப்பும் ஒத்துப்போனால் சரி, ஒத்துப்போகாத செடியைத்தான் அழுத்தி வைக்க வேண்டும். நூலுக்கு, கையில் ஐம்பது தாள் சேர்ந்த பிறகு போங்கள். அப்போது அந்தக் கலைச்சொற்கள் நீங்கள் ஏற்கெனவே கண்ட உறுப்புகளின் பெயர்களாக இருக்கும்.

காட்டுப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் அந்தி சாய்ந்தால் யானை. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் எந்தச் செடிக்காகவும் பாதையை விட்டு இறங்கக்கூடாது.

தொடங்க நல்ல காலம் தை முதல் பங்குனி வரை, பூண்டுகள் எல்லாம் பூவோடு நிற்கும். அதைத் தவறவிட்டுக் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தொடங்குகிறீர்கள் என்றால் பூண்டுகளைத் தேடி அலைய வேண்டாம், காய்ந்து போயிருக்கும். அப்போது மரங்களைப் பிடியுங்கள்: பாலையின் கரடுமுரடான கரும்பட்டை, முதிரையின் சிறகு போன்ற கூட்டிலை, விளாத்தியின் முள். கடற்கரையில் இராவணன் மீசை அப்போதும் நிற்கும். அதில் ஆண் வேறு, பெண் வேறு. பெண்ணின் கதிர் முள் பந்தாக உருண்டு காற்றில் ஓடும், ஆணின் கதிர் அப்படி இருக்காது. இரண்டையும் இரண்டு செடி என்று பதிவு செய்யாமல், ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.